குதிரைக்காரனின் சந்தனம்

நியூயார்க்கின் எலிசபெத் தெருவில் 233ஆம் எண் கடைக்குள் போய் ஒரு குப்பி சென்ட் கேட்டால், அலமாரியிலிருந்து எடுத்துக் கையில் கொடுத்துவிட மாட்டார்கள். ஆய்வகம் போல ஒரு மேசை இருக்கும். பணியாளர் அங்கே நின்று வாசனைச் செறிவை ஆல்கஹாலோடு கலந்து, குப்பியில் நிரப்பி மூடுவார். கலந்த தேதி, கலந்த ஊர், வாங்குபவர் விரும்பும் பெயர் எல்லாம் அச்சிட்ட சீட்டு ஒன்றைக் குப்பியின் மேல் ஒட்டித் தருவார். லே லாபோ என்ற இந்த நிறுவனத்தை ஃபாப்ரிஸ் பெனோ, எடி ரோஷி என்ற இருவர் 2006இல் தொடங்கினார்கள். இருவரும் அதற்கு முன் லோரியால் குழுமத்தில் அர்மானி சென்ட்டுகளுக்காக வேலை பார்த்தவர்கள். நடிகையின் முகம், தங்க மூடி, ஒரே நாளில் உலகமெங்கும் வெளியீடு என்ற பழைய சூத்திரத்தை உள்ளிருந்து பார்த்தவர்கள் என்பதால், அதில் எதெல்லாம் அலுத்துப்போனது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. சீட்டில் பெயர் அச்சிடுவது அதற்கு அவர்கள் கண்ட மாற்று. இந்தக் குப்பி உனக்கென்றே பிறந்தது என்று சொல்லாமல் சொல்லும் ஏற்பாடு அது. உள்ளே இருக்கும் திரவம் என்னவோ முன்னால் நின்றவரும் வாங்கிப்போனதுதான்.

அந்தக் கடைக்கு 2011இல் வந்து சேர்ந்தது சாந்தால் 33. அதே கடையில் சாந்தால் 26 என்ற மெழுகுவத்தியாக வீடுகளுக்குள் எரிந்துகொண்டிருந்த மணம், உடம்பில் பூசிக்கொள்ளும் வடிவத்துக்கு மாறியது. பெயரோடு வரும் எண் சேர்மானங்களின் எண்ணிக்கை என்பது நிறுவனத்தின் கணக்கு. மணத்தைக் கட்டியவர் ஃபிராங்க் ஃபோல்க்ல். ஆஸ்திரேலியச் சந்தனம், செடார், பாப்பிரஸ், ஏலக்காய், ஐரிஸ் வேர், வயலட், அம்பர்கிரிஸுக்குப் பதிலாக ஆய்வகத்தில் பிறந்த அம்பிராக்ஸ், கொஞ்சம் தோல் வாசனை. தெளித்த உடனே ஏலக்காய் தலைகாட்டும். பிறகு ஈரமே இல்லாத மரவாசனை, புதிதாக இழைப்புளி ஓடிய பலகைபோல, எழுந்து வந்து மணிக்கணக்கில் நிற்கும். பிடிக்காதவர்கள் சொல்லும் குறை வேறு: சதகுப்பை போட்டு ஊறவைத்த வெள்ளரிக்காய் ஊறுகாய் நாற்றம். இதைச் சொன்னவர் ஒருவர் இருவர் அல்லர். ஒருமுறை அந்த ஊறுகாய் மூக்கில் பட்டுவிட்டால் அப்புறம் சந்தனத்தைத் தேடிப் பிடிப்பது சிரமம்.

சேர்மானப் பட்டியலைக் கொஞ்சம் கவனித்தால் ஒரு தந்திரம் புலப்படும். ஐரிஸும் வயலட்டும் ஐரோப்பியப் பெண்களின் முகப்பவுடர், உதட்டுச்சாயம் இவற்றின் வாசனையாக ஒரு நூற்றாண்டு வாழ்ந்தவை. செடாரும் தோலும் முடிதிருத்தகத்தையும் ஆண்களின் சவரத் தைலத்தையும் சேர்ந்தவை. இருபாலருக்கும் பொது என்று சொல்லப்படும் இந்த மணம், இரண்டு அலமாரிகளிலிருந்தும் சரக்கெடுத்து நடுவில் சந்தனத்தை நட்டு வைத்த மணம். அதனால்தான் ஆண் முகர்ந்தால் கொஞ்சம் மென்மையாகவும் பெண் முகர்ந்தால் கொஞ்சம் கறாராகவும் தோன்றுகிறது.

இதை யார் பூசிக்கொள்வார்? நிறுவனம் அதற்கொரு சித்திரம் எழுதி வைத்திருக்கிறது. பழைய மார்ல்பரோ விளம்பரத்தை நினைத்துக்கொள்ளச் சொல்கிறது. அமெரிக்க மேற்குச் சமவெளி, அந்தி வானம், நெருப்பு மூட்டிய இடம், ஒரு மனிதன், அவனுடைய குதிரை. பக்கத்தில் ஆள் கிடையாது. யாருக்கும் பதில் சொல்ல வேண்டாத அந்தத் தனியாளின் சுதந்திரத்தைக் குப்பியில் அடைத்து, ஆண் பெண் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்கிறது.

மார்ல்பரோவை முன்மாதிரியாக எடுத்ததில் ஒரு வேடிக்கை உண்டு. ஃபிலிப் மாரிஸ் நிறுவனம் 1924இல் மார்ல்பரோவை அறிமுகப்படுத்தியபோது அது பெண்களுக்கான சிகரெட். மே மாதம்போல் மென்மையானது என்றுதான் விற்றார்கள். உதட்டுச்சாயம் பட்டால் தெரியாதிருக்க வாய் வைக்கும் முனையில் சிவப்புத் தாள் சுற்றிய வகைகூட இருந்தது. 1950களில் புகைபிடிப்பதற்கும் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பு வெளியே வரத் தொடங்கியதும், வடிகட்டி வைத்த சிகரெட்டை ஆண்களிடம் தள்ளியாக வேண்டிய நிலை வந்தது. வடிகட்டி வைத்தது பெண்பிள்ளைச் சமாச்சாரம் என்று ஆண்கள் ஒதுக்கிக்கொண்டிருந்த காலம். சிகாகோ விளம்பரக்காரர் லியோ பர்னெட் மாலுமிகளையும் பச்சை குத்திய முரட்டு ஆட்களையும் கொண்டுவந்து நிறுத்தினார். அவர்களில் குதிரைக்காரன் ஒருவன்தான் கடைசிவரை நிலைத்தான். அமெரிக்க ஆண்மையின் உருவம் என்று இன்றும் பேசப்படுபவன், பெண் சரக்கை ஆணுக்கு விற்க வாடகைக்கு அமர்த்தப்பட்டவன். அரை நூற்றாண்டுக்கு மேல் கழித்து அவனை இருபாலருக்கும் பொதுவாக்கியதை ஒருவகையில் வீடு திரும்பல் என்றே சொல்லலாம்.

வாசனைக்கு ஆண், பெண் என்று வேலி போட்டது ஐரோப்பாவிலேயே பழைய வழக்கமில்லை. 18ஆம் நூற்றாண்டில் கொலோன் நகரத்தில் ஃபரினா வடித்த நீர் எல்லாருக்குமானது. நெப்போலியன் அதைத் தாராளமாகச் செலவழித்தவர். கெர்லான் நிறுவனத்தின் ஷிக்கி 1889இல் வந்தபோது முதலில் ஆண்கள் வாங்கினார்கள், பெண்கள் பின்னால் வந்தார்கள் என்பது வாசனைத் தொழிலில் திரும்பத் திரும்பச் சொல்லப்படும் கதை. வேலி இறுகியது 20ஆம் நூற்றாண்டில், பல்பொருள் அங்காடியில் இரண்டு தளங்களாகப் பிரித்து விற்பது லாபம் என்று ஆனபோது. மரவாசனை ஆண் பக்கம் போய்ச் சேர்ந்தது. 1992இல் செர்ஜ் லூட்டான் ஷிசெய்தோ நிறுவனத்துக்காக அட்லஸ் செடாரை நடுவில் வைத்துப் பெண்களுக்கென ஒரு சென்ட் கொண்டுவந்து, மரத்தின் பெண்மை என்று பொருள்படப் பெயரும் வைத்தபோது அது துணிச்சலாகப் பட்டதென்றால், வேலி எவ்வளவு உயர்ந்திருந்தது என்று கணக்கிட்டுக்கொள்ளலாம். 1994இல் கால்வின் கிளைனின் சிகே ஒன் இருபாலருக்கும் பொது என்று வெளிப்படையாக அறிவித்துக்கொண்டு வந்தது. கேட் மாஸும் பிறரும் வரிசையாக நிற்கும் கறுப்பு வெள்ளைப் படங்களை எடுத்தவர் ஸ்டீவன் மைசல். ஆனால் அது எலுமிச்சையும் சோப்பும் கலந்த, இளமையின் சுத்தமான வாசனை. அதில் ரகசியம் எதுவும் கிடையாது. ரகசியம் வைத்திருக்கும் ஆசாமிக்கான வாசனைக்கு இன்னும் 17 ஆண்டு காத்திருக்க வேண்டியிருந்தது.

நறுமணத்தைப் பார்த்து குணத்தைச் சொல்வது கிளி ஜோசியத்துக்கு ஒன்றுவிட்ட தம்பி. பூவாசனை விரும்புபவர் கனிவானவர், மரவாசனை விரும்புபவர் நிதானமானவர், தன்னம்பிக்கை உள்ளவர், அலட்டிக்கொள்ளாதவர் என்று கடைக்காரர் சொல்வார். அலட்டுகிறவர் என்று யாரையும் சொல்லி எந்தக் கடையும் சரக்கு விற்றதில்லை. உண்மையிலேயே மணத்தில் குணம் தெரியுமா என்று சோதித்தவர்கள் இருக்கிறார்கள். போலந்தைச் சேர்ந்த ஆக்னியெஷ்கா சொரோகோவ்ஸ்காவின் குழு, வாசனைப் பொருள் எதுவும் பூசாதவர்கள் இரவில் அணிந்த பனியன்களை அந்நியர்களிடம் கொடுத்து முகரச் சொன்னது. பதற்ற சுபாவம், ஆதிக்க சுபாவம் போன்ற சிலவற்றை அந்நியர்கள் குருட்டு ஊகத்தைவிடக் கொஞ்சம் சரியாகவே கணித்தார்கள். கொஞ்சம்தான். 2016இல் வெளியான அடுத்த ஆய்வில் 113 பேரின் வாசனையை, வழக்கமான சோப்பும் சென்ட்டும் போட்ட நாளில் ஒருமுறையும் எதுவும் போடாத நாளில் ஒருமுறையும் எடுத்து 67 பேரிடம் கொடுத்தார்கள். சென்ட் போட்டபோது வாசனை இனிமையாக இருந்தது, கணிப்பு மங்கியது. குணத்தைக் காட்டுவதாகச் சொல்லி விற்கப்படும் பொருள், இருக்கிற கொஞ்ச அடையாளத்தையும் மூடி வைக்கிறது.

பிராகில் நடந்து 2012இல் வெளியான வேறொரு சோதனை இதற்கு எதிர்ப்பக்கத்தைக் காட்டியது. தானே தேர்ந்தெடுத்த சென்ட்டைப் பூசியவரின் உடல் வாசனை, ஆய்வாளர்கள் கையில் திணித்த சென்ட்டைப் பூசியபோது இருந்ததைவிடப் பிறருக்கு இனிமையாகப் பட்டது. தனித்தனியாக முகர்ந்தால் இரண்டு சென்ட்டுகளும் ஏறத்தாழ ஒரே தரம்தான். அதாவது, கடையில் நின்று மணிக்கட்டை முகர்ந்துபார்க்கும் ஆள் தன் சுபாவத்துக்கு ஏற்றதைத் தேடுவதாக நினைத்துக்கொண்டு, தன் வியர்வையோடு ஒத்துப்போவதைத்தான் தேடிக்கொண்டிருக்கிறார். அவருக்கே தெரியாமல் நடக்கும் பொருத்தம் பார்த்தல் இது. தெளித்துக்கொண்டவருடைய மூக்கு சில நிமிடங்களில் பழகி அந்த வாசனையை உணர்வதை நிறுத்திவிடும் என்பதையும் இதோடு சேர்த்துக்கொள்ள வேண்டும். பகல் முழுவதும் அதை அனுபவிப்பவர்கள் லிஃப்டில் பக்கத்தில் நிற்பவர்கள்.

சென்ட்டைவிடப் பூசியவரின் சொந்த வாசனையே முக்கியம் என்ற வழியின் கடைசி எல்லைக்குப் போனவர் கேஸா ஷோன் என்ற ஜெர்மானியர். 2006இல் அவர் கொண்டுவந்த மாலிக்யூல் 01 குப்பியில் இருக்கும் வாசனைப் பொருள் ஒன்றே ஒன்று: 1973இல் ஐ.எஃப்.எஃப். நிறுவனத்தின் வேதியியலாளர்கள் கண்டுபிடித்த ஐசோ ஈ சூப்பர். செடார் போல, வெல்வெட் போல, சிலருக்கு ஒன்றுமே இல்லாதது போல வரும் பொருள். போட்டவருக்கே தெரியாது, எதிரில் வருபவர் என்ன வாசனை என்று கேட்பார். குணமே இல்லாத சென்ட், குணம் உன்னுடையதாக இருக்கட்டும் என்ற அந்த வாதம் சாமர்த்தியமானது. அதுவும் லட்சக்கணக்கில் ஒரே மூலக்கூறாக விற்றது.

சாந்தால் 33க்கு நேர்ந்ததும் இதுதான், இன்னும் உரக்க. 2014இல் லே லாபோவை எஸ்டே லாடர் என்ற அழகுசாதனப் பெருநிறுவனம் வாங்கியது. 2015இல் நியூயார்க் டைம்ஸ், ஊரெங்கும் மூக்கில் மோதும் அந்த வாசனை எது என்று விளக்கி ஒரு கட்டுரையே போட்டது. ஹோட்டல் வரவேற்பறை, உடற்பயிற்சிக் கூடம், விளம்பர நிறுவனத்தின் கூட்ட அறை எல்லா இடத்திலும் குதிரைக்காரன் உட்கார்ந்திருந்தான். சமவெளியில் நெரிசல். 50 மில்லி குப்பி 200 டாலருக்கு மேல் என்பதால் நெரிசல் ஒரு குறிப்பிட்ட வாடகைக்கு மேல் கட்டும் தெருக்களில்தான். அந்த வாசனை வந்தால் ஆள் எப்படிப்பட்டவர் என்று தெரியாது. என்ன மாதிரி வேலை, எந்தப் பேட்டையில் வீடு, எந்தக் காபிக்கடை என்பதை ஓரளவு சொல்லிவிடலாம் என்றாகிவிட்டது. முதலில் வாங்கியவர்கள் மெல்ல நழுவி வேறு குப்பிக்குப் போனார்கள். ஒருவருடைய குணம் தெரிந்தது அங்கேதான் என்று படுகிறது: எல்லாரும் போட ஆரம்பித்ததும் விட்டுவிட்டவர் ஒருவகை, எல்லாரும் போட்டாலும் என் மேல் இது நன்றாக இருக்கிறது என்று தொடர்ந்தவர் இன்னொரு வகை. இரண்டாமவர் பொறாமைப்படத் தக்கவர்.

கேலியோடு நிறுத்திவிடுவதும் நியாயமில்லை. அலுவலகத்துக்குப் போகும் ஒரு பெண் மேல் இனிப்பும் மல்லிகையும் வீசினால், அவள் வாய் திறக்கும் முன்பே அவளைப் பற்றி ஒரு முடிவுக்கு வந்துவிடும் ஆட்கள் இருக்கிறார்கள். ஓர் ஆண் மேல் பூவாசனை வந்தால் வரும் சிரிப்பும் தெரிந்ததே. தன்னை ஆண் என்றோ பெண் என்றோ வகுத்துக்கொள்ள விரும்பாதவருக்குச் சென்ட் கடை இரண்டு தளமாக இருப்பதே தொல்லை. காய்ந்த மரவாசனை இந்தத் தகராறிலிருந்து ஒதுங்கி நிற்கிறது. யாரையும் கவர முயலவில்லை என்ற பாவனை அதில் இருக்கிறது. பாவனைதான், அதற்கும் கண்ணாடி முன் நின்றுதான் தெளித்துக்கொள்ள வேண்டும். இருந்தாலும் இந்தப் பாவனை சிலருக்குக் காலை எட்டரை மணி ரயிலில் தேவைப்படும் சிறு கவசம்.

இனி, மரம். தனியாளின் வாசனைக்குச் சந்தனத்தைத் தேர்ந்தெடுத்ததைப்போலப் பொருந்தாத தேர்வு வேறில்லை. சந்தனம் தனியாக வாழாது. பச்சை இலை வைத்துத் தன் உணவைத் தானே தயாரிக்கத் தெரிந்தாலும், மண்ணுக்குள் அது அரை ஒட்டுண்ணி. வேர்நுனிகளில் உறிஞ்சுறுப்புகளை வளர்த்து, பக்கத்துச் செடியின் வேரைக் கவ்வி, நீரையும் சத்துகளையும் இழுத்துக்கொள்ளும். அதனால் சந்தனம் பயிரிடும் விவசாயிகள் கன்றுப் பையிலேயே ஒரு துவரை விதையைப் போட்டு வைப்பார்கள். தோட்டத்தில் நட்ட பிறகு அகத்தி, சவுக்கு என்று நெடுநாள் துணை வேண்டும். துணையில்லாத கன்று வெளிறி, நலிந்து போய்விடும். சாந்தால் 33இல் சேரும் ஆஸ்திரேலியச் சந்தனம் நம் மரத்தின் தாயாதி இனம். 1840களிலேயே மேற்கு ஆஸ்திரேலியாவிலிருந்து ஊதுவத்திக்காகச் சீனாவுக்குக் கப்பல் ஏறியது. அதற்கும் வேல இனத்து மரம் ஒன்றைப் பக்கத்தில் நட்டுக் கொடுக்கிறார்கள். ஒண்டிக்கட்டைக் குதிரைக்காரனின் வாசனை, ஒண்டியாக நிற்கத் தெரியாத மரத்திலிருந்து வருகிறது.

ஐரோப்பிய வாசனைக்காரர்கள் முதலில் பழகியது மைசூர்ச் சந்தனம். திப்பு சுல்தான் 1792இல் அதை அரச மரமாக்கினார். யார் நிலத்தில் முளைத்தாலும் அரசுக்குச் சொந்தம். முதல் உலகப் போரில் கட்டைகளை ஐரோப்பாவுக்கு அனுப்ப வழியில்லாமல் தேங்கியபோது, நால்வடி கிருஷ்ணராஜ உடையார் காலத்தில், திவான் விஸ்வேஸ்வரய்யாவின் முனைப்பில், 1916இல் மைசூரிலேயே எண்ணெய் ஆலை எழுந்தது. சோப்பு அதன் பின்பிறப்பு. ஷனேலின் புவா தேஸீல் 1926இலும், கெர்லானின் சம்சாரா 1989இலும் சந்தனத்தை நம்பி வந்தவை. ஆனால் காடு அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்கவில்லை. மணம் இருப்பது வைரம் பாய்ந்த நடுக்கட்டையில்; அது நல்ல எண்ணெயோடு முற்ற 30 ஆண்டாவது வேண்டும். இலையைச் சிறுக்கவைத்து மரத்தைக் கொல்லும் கூர்நோய் ஒரு பக்கம், திருட்டு ஒரு பக்கம். தமிழ் வாசகருக்குச் சந்தனக் கட்டை என்றதும் வீரப்பன் முகம் வருவதில் வியப்பில்லை. அந்தக் கதையில் கட்டைக்குக் கொடுத்த விலையைப்போல, சொந்த நிலத்தில் முளைத்த மரம்கூட நமக்கில்லை என்ற சட்டத்துக்கும் பங்குண்டு. சந்தனக் கன்றைப் பேணி வளர்க்க யாருக்கு மனம் வரும்? கர்நாடகம் 2001இலும் தமிழ்நாடு 2002இலும் அதைத் தளர்த்தின. அதற்குள் சர்வதேசப் பட்டியலில் இந்தியச் சந்தனம் அழியக்கூடிய நிலைக்கு வந்திருந்தது. வாசனைக்காரர்கள் ஆஸ்திரேலியாவுக்கும் ஜாவனால், பாலிசாண்டால் என்ற ஆய்வகச் சந்தனங்களுக்கும் நகர்ந்திருந்தார்கள்.

மரம் விளைந்த ஊர்களில் அந்த மணத்தை யாருடைய குணத்தோடும் சேர்த்துப் பேசியதாகத் தெரியவில்லை. பருவத்தோடு சேர்த்துப் பேசினார்கள். நெடுநல்வாடையில் குளிர்காலம் வந்ததும் நகரத்தில் எவை எவை சும்மா கிடக்கின்றன என்று நக்கீரர் சொல்லிக்கொண்டு போகும் இடத்தில், வடக்கிலிருந்து வந்த சந்தனம் அரைக்கும் கல்லும் தெற்கிலிருந்து வந்த சந்தனமும் வரும். குளிரில் சந்தனம் பூச ஆளில்லை. சங்கப் பாடல்களின் தலைவன் மார்பில் சாந்து பூசியவன். பெண்களும் தோளில் பூசினார்கள். புனுகும் ஜவ்வாதும் சேர்த்த கலவைச் சந்தனம், நாகூர் சந்தனக்கூடு, கல்யாண வாசலில் பன்னீர்ச் செம்புக்குப் பக்கத்தில் வைத்த கிண்ணம் எல்லாவற்றிலும் ஆண் விரலும் பெண் விரலும் படுகின்றன.

இதைச் சொல்லி மார்தட்டிக்கொள்ளவும் முடியாது. ஆண், பெண் பார்க்காத சந்தனம் வேறொன்றைப் பார்த்தது. கோயில் திருவிழாவில் முதல் சந்தனமும் பரிவட்டமும் யாருக்கு என்பதில் எத்தனை ஊர்களில் வெட்டுக்குத்து நடந்திருக்கிறது, எத்தனை வழக்குகள் உயர்நீதிமன்றம்வரை போயிருக்கின்றன. அரைத்துக் கொடுக்கும் கை ஒன்று, வாங்கிப் பூசும் நெற்றி வேறு. மன்ஹாட்டனில் வாடகையைச் சொன்ன வாசனை இங்கே வரிசையைச் சொன்னது.

இப்போது சாந்தால் 33இன் நகல் எண்ணெய்கள் அத்தர் கடைகள்வரை வந்துவிட்டன. வெளிநாட்டு சென்ட்டுகளின் சாயலில் செய்த ரோல்-ஆன் குப்பிகளை வாங்க வருபவர்கள் பெரும்பாலும் இளைஞர்கள், கல்லூரிப் பெண்கள். அத்தர் வியாபாரத்தின் பழைய வழக்கில் பிரிவினை பருவத்தை ஒட்டியது. வெட்டிவேர், மண்வாசனை, ரோஜா எல்லாம் கோடைக்கு. ஷமாமா, மருதோன்றி, ஊது எல்லாம் குளிருக்கு. ரோஜா அத்தரை மீசைக்காரர் காதுமடலில் தடவிக்கொண்டு போவதைப் பார்த்து அங்கே யாரும் சிரிப்பதில்லை. கன்னோஜில் செப்புப் பானையில் வடித்த அத்தர்கள் ஒருகாலத்தில் சந்தன எண்ணெயில்தான் இறங்கின. விலை ஏறிய பிறகு பலர் பாரஃபின் திரவத்துக்கு மாறிவிட்டார்கள். நகல் எண்ணெயில் சந்தன மரத்திலிருந்து வந்தது ஒரு துளியும் இல்லாமலிருக்கலாம். அசல் சந்தன எண்ணெய் வேண்டுமென்றால் கடைக்காரர் பூட்டிய அலமாரியைத் திறந்து தோலா கணக்கில் விலை சொல்வார். கேட்டவர் இரண்டையும் புறங்கையில் தடவிப் பார்த்து, சாந்தால் நகலையே எடுத்துக்கொண்டு போகிறார். அசல் மிக லேசாக இருக்கிறதாம், வண்டியில் போனால் பக்கத்தில் வருகிறவருக்குத் தெரியாதாம்.